எந்த வீட்டை விடட்டும்?



சென்ற வாரம் நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். தம் கூட்டத்தில் பேசுவதற்குச் சில பொன்மொழிகள் வேண்டும் என்றார். "ஐயா, உங்களிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறதாமே?" என்று கேட்டார். இருக்கிறது. இறையியல் கல்லூரியில் மாணவனாக இருந்த நாட்களில் நான் தொடங்கிய ஏடு அது. வாசித்த நூல்களிலும் கேட்ட பிரசங்கங்களிலும் மனத்தில் தைத்த கூற்றுகளை அதில் எழுதி வந்திருக்கிறேன். என் பிரசங்கங்கள் பலவற்றுக்கு உப்பும் காரமும் அதிலிருந்தே வந்தன. தம்பியிடம் கொடுப்பதற்காக எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதப்பட்டிருக்கிறது. எந்த அறிஞரும் கேட்ட கேள்வியன்று. ஒரு சிற்றூர்ப் பெரியவர் என்னிடம் கேட்டது.

அந்தக் கேள்வியைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு முன்பாக, அந்த ஏட்டின் பக்கங்களில் பெரும்பகுதியை நிரப்பியிருக்கும் ஒரு மனிதரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் சாமுவேல் ஜான்சன். 1709-இல் இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகரில் ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தார். வறுமையினால் ஆக்ஸ்ஃபோர்டுப் படிப்பைப் பட்டம் பெறாமலே விட்டு வந்தார். 1755-இல் ஆங்கில மொழிக்கு ஒரு பேரகராதியைத் தந்தார். ஆயினும் அவருடைய எழுத்தைக் காட்டிலும் அவருடைய பேச்சையே உலகம் அதிகமாக நினைவில் வைத்திருக்கிறது. ஜேம்ஸ் பாஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் 1763-இல் அவரைச் சந்தித்தார். அன்று தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அவர் விருந்திலும் பயணத்திலும் சொன்னவற்றைக் குறித்துவைத்து, 1791-இல் வாழ்க்கை வரலாறாக வெளியிட்டார். எங்கள் கல்லூரி நூலகத்தில் அந்த நூலை எடுத்த நாளில் இரவு உணவையே மறந்தேன்.

முதலில் அரசியலைக் குறித்து அவர் சொன்னவற்றைப் பாருங்கள். 1775-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் நண்பர்கள் நடுவில் பேசிக்கொண்டிருந்தபோது, தேசபக்தி என்பது கயவனின் கடைசிப் புகலிடம் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். உண்மையான நாட்டுப்பற்றை அவர் பழிக்கவில்லை; தன்னலத்தை மூடுவதற்காகப் போர்த்தப்படும் போலிப் பற்றையே குறித்தார் என்று பாஸ்வெல் விளக்கம் எழுதியிருக்கிறார். அதே ஆண்டில், விடுதலை வேண்டும் என்று முழங்கிய அமெரிக்கக் குடியேற்றக்காரரைப் பார்த்து, அடிமைகளை வேலை வாங்குகிறவர்களிடமிருந்தே இந்தக் கூக்குரல் பலமாக எழுவது எப்படி என்னும் பொருள்படக் கேட்டார். ஜமேக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரான்சிஸ் பார்பர் என்பவரைத் தம் வீட்டில் வளர்த்து, பள்ளிக்கு அனுப்பி, முடிவில் தம் உடைமையில் பெரும்பகுதியை அவருக்கே எழுதிவைத்தவர் ஆதலால், அப்படிக் கேட்க அவருக்குத் தகுதி இருந்தது.

ஆனால் பிரியமானவர்களே, அவர் ஏவிய அம்பு ஒன்று அவரிடமே திரும்பி வந்ததும் உண்டு. அரசாங்கம் ஒருவருக்கு அளிக்கும் மானியத்தைத் தம் அகராதியில் விளக்கும்போது, தாய்நாட்டுக்குத் துரோகம் செய்ய அரசின் கூலியாளுக்குக் கொடுக்கப்படும் சம்பளம் என்னும் பொருள்பட எழுதிவைத்தார். படித்தவர்கள் சிரித்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1762-இல், அரசர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கே ஆண்டுக்கு 300 பவுன் மானியம் வழங்கினார். தயங்கினார், நண்பர்களைக் கலந்தார், ஏற்றுக்கொண்டார். அவருடைய எதிரிகள் அகராதியைத் திறந்து அவருக்கே வாசித்துக் காட்டினார்கள். சொல் வெளியே போன பிறகு அதன் எசமான் நாம் அல்லவே!

அடுத்தது விமரிசனம். நல்ல நாடகம் எழுதத் தெரியாதவன் ஒரு நாடகத்தைக் குறைகூறலாமா என்ற பேச்சு வந்தது. மேசை செய்யத் தெரியாதவனும், தனக்குக் கோணலான மேசை செய்து தந்த தச்சனைக் கடிந்துகொள்ளலாம் அன்றோ என்றார். இது எனக்கு மிகவும் பிடித்தது. ஞாயிறுதோறும் என் பிரசங்கத்தை அளந்து பார்க்கும் சபையாருக்கும் அந்த உரிமை உண்டு என்பதை இதைக் கொண்டே நான் ஏற்றுக்கொண்டேன். சிறு விமரிசகர்கள் கொட்டுவதைக் குறித்து அவர் சொன்னதும் ஏட்டில் இருக்கிறது. ஈ கடித்தால் பெருங்குதிரையும் துடிக்கும். ஆனாலும் ஈ ஈதான், குதிரை குதிரைதான் என்பது அதன் சாரம்.

ஆயினும் இவை யாவற்றிலும் உயர்ந்ததாக இப்போது நான் எண்ணுவது வேறொன்று. குதிரையின் காலில் உள்ள ஓர் உறுப்பை அவர் அகராதியில் தவறாக விளக்கியிருந்தார். குளம்புக்கு மேலுள்ள பகுதியை முழங்கால் என்று எழுதிவிட்டார். ஓர் அம்மையார் அவரை நேரில் கண்டு, எப்படி இவ்வாறு எழுதினீர்கள் என்று கேட்டார். பெரிய காரணம் ஏதேனும் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அறியாமை அம்மா, வெறும் அறியாமை என்ற அளவில் ஜான்சன் நிறுத்திக்கொண்டார். நம்மில் எத்தனை பேரால் இப்படிச் சொல்ல முடியும்? ஆலயக் கணக்கில் பத்து ரூபாய் பிசகினாலும் பத்து நிமிடம் விளக்கம் சொல்லுகிறோம்.

மூன்றாவது, அன்றாடப் பழக்கம். ஜான்சன் நண்பகல் வரை படுக்கையில் கிடப்பார். இரவெல்லாம் தேநீர் அருந்திப் பேசிக்கொண்டிருப்பார். அளவாகக் குடிப்பது தமக்குக் கடினம், முற்றிலும் விட்டுவிடுவதோ எளிது என்று சொல்லி மதுவை நெடுங்காலம் விலக்கியவர், படுக்கையை மட்டும் வெல்ல முடியவில்லை. அவர் மறைவுக்குப் பின் 1785-இல் வெளிவந்த ஜெபக் குறிப்புகளைப் பார்த்தால், ஆண்டுதோறும் ஒரே தீர்மானம் திரும்பத் திரும்ப வருகிறது: இனி அதிகாலையில் எழ வேண்டும். அதிகாலை என்று அவர் குறிப்பிட்டது எட்டு மணியை! கிராமத்துச் சபையார் இதைக் கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஆனால் 1775-ஆம் ஆண்டு ஈஸ்டர் காலத்தில் எழுதிய குறிப்பில் சிரிப்புக்கு இடமில்லை. கடந்த ஆண்டுகளின் தீர்மானங்கள் எல்லாம் உடைந்து கிடப்பதைப் பார்க்கிறார். பின்னும் ஏன் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும் என்று தம்மையே கேட்கிறார். சீர்திருந்துவது அவசியம், நம்பிக்கையிழப்பதோ குற்றம் என்று பதில் எழுதி, மறுபடியும் எட்டு மணிக்கு எழத் தீர்மானிக்கிறார். அப்போது அவருக்கு வயது 65. தேசபக்தியைக் குறித்து ஊரார் வியக்கப் பேசிய அதே ஏப்ரல் மாதம் அது. சபையில் பேசியது ஊரெங்கும் பரவியது. அறைக்குள் எழுதியது தேவன் ஒருவருக்கே தெரிந்திருந்தது.

இனி மனித இயல்பு. இதற்கு ஜான்சனின் கூற்று ஒன்றைக் காட்டுவதைவிட, ஜான்சனையே காட்டுவது நலம். வயதான காலத்தில் நோயுற்றிருந்தபோது, தம் வாழ்க்கையில் உள்ள குறையை மறைக்காமல் சொல்லும்படி பென்னட் லாங்டன் என்னும் நண்பரைக் கேட்டார். சாந்தகுணமுள்ள அந்த நண்பர், கிறிஸ்தவ அன்பை வலியுறுத்தும் வேதவசனங்கள் சிலவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஜான்சன் முதலில் நன்றி சொன்னார். வாசித்தார். பிறகு கோபம் மூண்டது. என்ன கருத்தில் இதைக் கொடுத்தீர் என்று நண்பரையே உறுக்கினார். பேச்சில் நீங்கள் சில வேளை பிறரை வெட்டிப் பேசுகிறீர்கள் என்பதற்கு மேல் அந்த நண்பரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பாவ அறிக்கை செய்ய வந்தவர், அறிக்கை கேட்டவரையே அடிக்கப் போன கதையாயிற்று என்று நண்பர்கள் நகைத்தார்கள்.

நானும் அன்று நூலகத்தில் நகைத்தேன். கூர்மையாகப் பேசுவது ஒரு வரம் என்று எண்ணியிருந்த வயது அது.

பிரியமானவர்களே, இப்போது என் கதைக்கு வருகிறேன். 14 ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டத்தில் ஒரு சிற்றூர்ச் சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அங்கே நாற்பது ஆண்டுகள் ஆலய மணி அடித்த பெரியவர் ஒருவர் இருந்தார். பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம் பரிமாறுமுன் ஜெபிப்பது அவருடைய வழக்கம். அவர் ஜெபம் நீளமானது. பந்தியில் இலை போட்டாயிற்று, சோறும் விழுந்தாயிற்று, குழந்தைகள் நெளிகிறார்கள், பெரியவர் கண்களை மூடி ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போகிறார். நான் அந்த ஊருக்குப் புதியவன். அவர் ஆமென் என்றதும் ஒலிபெருக்கியை வாங்கினேன். "ஐயா ஜெபிக்கத் தொடங்கும்போது போட்ட சுடுசோறு, ஆமென் சொல்லும்போது பழஞ்சோறாகிவிட்டது" என்றேன்.

பந்தல் முழுவதும் சிரித்தது. பெரியவரும் சிரித்தார். சிறந்த பேச்சாளர் ஒருவர் நமக்கு ஐயராக வாய்த்திருக்கிறார் என்று அன்று மாலை சிலர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவ்வூரில் ஒரு மரணம். இரவு வீட்டு ஜெபத்தில் பெரியவரை ஜெபிக்கும்படி அழைத்தேன். தலையை அசைத்து மறுத்துவிட்டார். தொண்டை சரியில்லை போலும் என்று எண்ணினேன். புறப்படும்போது அவருடைய மனைவி என்னை முற்றத்தில் நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னார்: "அவுக ரெண்டு வருசமா யார் முன்னாலயும் வாய் திறந்து ஜெபிக்கிறதில்ல ஐயரே. தெருவுல சின்னப் பிள்ளைக அவுகள 'பழஞ்சோறு'ன்னு கூப்பிடுதுக." அந்த அம்மாளின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்தப் பெரியவர் ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் மௌனமானதை மட்டும் கவனிக்கவில்லை. நான் சொன்ன சொல்லையோ எப்போதோ மறந்துவிட்டிருந்தேன். நகைச்சுவையைச் சொன்னவன் மறந்துவிடலாம். அது யார்மேல் விழுந்ததோ அவர் அதைத் தினந்தோறும் சுமக்கிறார். வீணான வார்த்தைகளுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்ததை (மத்தேயு 12) எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். பிறருடைய வார்த்தைகளை மனத்தில் வைத்தே பிரசங்கித்திருக்கிறேன் என்பது அன்றிரவுதான் விளங்கிற்று.

உறக்கம் வராமல் பழைய ஏட்டை எடுத்தேன். ஜான்சனைப் பற்றிய பக்கங்களின் ஓரத்தில், மாணவப் பருவத்தில் அசட்டையாகக் குறித்திருந்த ஊர்ப்பெயர் ஒன்று கண்ணில் பட்டது: யூட்டோக்ஸெட்டர்.

ஜான்சனின் தந்தை லிச்ஃபீல்டிலிருந்து யூட்டோக்ஸெட்டர் சந்தைக்குப் போய், அங்கே கடை போட்டுப் புத்தகம் விற்று வந்தார். ஒருமுறை தம் மகனைத் துணைக்கு அழைத்தார். மகன் மறுத்துவிட்டான். சந்தையில் நின்று புத்தகம் விற்பது அந்த இளைஞனின் பெருமைக்கு இழுக்காகத் தோன்றிற்று. தந்தை 1731-இல் காலமானார். அந்த மறுப்பு மகனுடைய நெஞ்சில் பல பத்தாண்டுகள் கிடந்தது. முதுமையில், நாடறிந்த புகழோடு இருந்த காலத்தில், ஜான்சன் அந்தச் சந்தைக்குப் போனார். மழை பெய்துகொண்டிருந்தது. தந்தையின் கடை இருந்த இடத்தில், தலையில் ஒன்றும் இல்லாமல், நெடுநேரம் நின்றார். தம் வாழ்வின் கடைசி ஆண்டாகிய 1784-இல் ஓர் இளம் போதகரிடம் இதை அவரே சொன்னார். அந்தத் தவம் தம் குற்றத்துக்குப் பரிகாரமாயிற்று என்று நம்புவதாகவும் சொன்னார். யூட்டோக்ஸெட்டர் சந்தைத் திடலில் இன்றும் அந்தக் காட்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது.

எத்தனையோ பேருடைய வாயை அடைத்த மனிதர் அங்கே ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார். அவருடைய கூற்றுகளையெல்லாம் எழுதிய நான் இதைப் பக்கத்தின் ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்தேன்.

மறுநாள் மாலை பெரியவரின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பனைநார்க் கட்டிலுக்கு நார் இழுத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். "உட்காருங்கள் ஐயா, நான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன்" என்றேன். அவர் கூச்சப்பட்டார். "ஐயர் சொன்னது சரிதான். என் ஜெபம் நீளந்தான். எனக்கே தெரியும்" என்றார். சற்றுப் பேசாமல் இருந்தார். பிறகு நாரைக் கையில் பிடித்தபடியே கேட்டார்:

"நானும் குறைச்சுப் பாத்தேன். எந்த வீட்ட விடட்டும் ஐயரே?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். நாற்பது ஆண்டுகள் மணி அடித்தவருக்கு அந்த ஊரின் ஒவ்வொரு வீடும் தெரியும். எந்த வீட்டில் அந்த ஆண்டு சாவு விழுந்தது, எந்த வீட்டில் தொட்டில் கட்டினார்கள், எந்த வீட்டுப் பையன் வெளிநாட்டில் இருக்கிறான், எந்த வீட்டில் கலியாணம் தள்ளிப் போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அசனப் பந்தியில் அவர் சொல்லிக்கொண்டே போனது அந்த வீடுகளின் பெயர்களைத்தான். ஊருக்குப் புதியவனாகிய என் காதில் அவை வெறும் நீளமாக விழுந்தன. என் சபையின் வீடுகள் யாவும் ஒரு ஜெபத்துக்குள் வரிசையாக வந்தபோது, நான் சோற்றின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னை மன்னித்தார். ஆனால் நான் பழித்தது பந்தலில். மன்னிப்புக் கேட்டது திண்ணையில். அது போதாது என்று என் மனச்சாட்சி சொல்லிற்று. அந்த ஆண்டுப் பண்டிகையில் இலை போட்டபின் ஒலிபெருக்கியை எடுத்தேன். முன்பு நான் சொன்ன சொல் தவறு என்றும், அது ஒரு தேவமனிதரின் ஜெபத்தை அடைத்துவிட்டது என்றும், அதற்காக அவரிடமும் சபையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பெரியவரை ஜெபிக்கும்படி வேண்டினேன்.

அவர் எழுந்தார். நான் கண்களை மூடி, வீடுகளின் பெயர்களுக்காகக் காத்திருந்தேன். "ஆண்டவரே, ஆகாரம் தந்தீர். ஸ்தோத்திரம். ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

சோறு சூடாகவே இருந்தது. என்னால் அதை விழுங்க முடியவில்லை.

அடுத்த ஆண்டில் எனக்கு மாற்றல் வந்தது. அவர் மறுபடியும் பெயர் சொல்லி ஜெபித்ததை நான் கேட்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உங்களுக்கு எழுத என்னால் ஆகாது. மன்னிப்புக் கிடைத்தது, அந்த ஜெபம் திரும்பவில்லை. யாக்கோபு தம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நாவை ஏன் நெருப்புக்கு ஒப்பிட்டார் என்று இப்போது அறிகிறேன். தீயை அணைத்தாலும் எரிந்த கூரை எரிந்ததுதான்.

பிரியமானவர்களே, இந்த வாரத்தில் நீங்களும் எத்தனையோ சாதுரியமான சொற்களைக் கேட்பீர்கள், சொல்லவும் செய்வீர்கள். தேநீர்க் கடையில் அரசியலைப் பற்றி, ஆலய வாசலில் பாடகர் குழுவைப் பற்றி, வீட்டில் மருமகளின் சமையலைப் பற்றி. அவற்றில் உண்மையும் இருக்கலாம். நான் சொன்னதிலும் உண்மை இருந்தது, ஜெபம் நீளமானதுதான். சொல்லுமுன் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போன பின், யார் இதைச் சுமந்துகொண்டிருப்பார்? ஏற்கெனவே சொல்லிவிட்ட சொல் ஒன்று உங்கள் நினைவுக்கு வந்தால், காலம் கடந்துவிட்டதே என்று தயங்காதிருங்கள். ஜான்சன் பல பத்தாண்டுகள் கழித்துச் சந்தைக்குப் போனார்; அவருடைய தந்தை அங்கே இல்லை. உங்கள் பெரியவர் ஒருவேளை இன்னும் திண்ணையில் இருக்கலாம்.

குறிப்பேட்டை அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கும்படி சொல்லியனுப்பினேன். இப்போது நான் ஊழியம் செய்யும் சபையில் என் ஜெபம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டு போகிறது. சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை ஓரக்கண்ணால் நானும் காண்கிறேன். அவர்கள் ஏதேனும் சொல்லிச் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. குறைத்துத்தான் பார்க்கிறேன். எந்த வீட்டை விடுவது என்று தெரியவில்லை.

ஜெபம்: கர்த்தாவே, எங்கள் வாய்க்குக் காவல் வையும். எங்கள் சொல்லால் மௌனமானவர்களை எங்களுக்குக் காண்பியும். அவர்களிடம் போக எங்களுக்குத் தைரியம் தாரும். ஆமென்.